தேறுவது வேறு, தாங்குவது வேறு

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இருசக்கர வண்டி இரவில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு பல ஊர்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதையெல்லாம் சோதித்துப் பார்த்துத்தானே விற்கிறார்கள்?

சோதிக்கத்தான் செய்கிறார்கள். பேட்டரி, கைப்பேசி, ரயில் பெட்டி, செயற்கைக்கோள் என்று எதுவானாலும் வெளியே வருமுன் ஏதாவதொரு சோதனை அறையில் வெப்பமும் குளிரும் ஈரமும் பட்டுத்தான் வருகிறது. ஆய்வகத்துக்காரர்கள் அதைச் ‘சேம்பர்’ என்பார்கள். ஆள் நடந்து உள்ளே போகும் அளவுக்குப் பெரியதென்றால் ‘வாக்-இன் சேம்பர்’. மேசைமேல் வைக்கிற பெட்டியில் தொடங்கி விமானமே நுழையும் கூடம் வரை அளவுகள் உண்டு.

வேலூர்ச் சாவுகளையும் பிற தீ விபத்துகளையும் அடுத்து மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. இருசக்கர மின்வண்டி பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 என்ற விதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டத்தில் அமலுக்கு வந்தது. அந்த விதிக்கு முன்மாதிரி ஐ.நா.வின் 136ஆம் ஒழுங்குமுறை. அதில் ஒரு சோதனை இப்படிப் போகிறது: பேட்டரியை 60 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் வை, அரை மணிக்குள் −40 டிகிரிக்கு மாற்றி ஆறு மணி நேரம் வை, இப்படி ஐந்து சுற்று, பிறகு ஒரு நாள் சாதாரண வெப்பநிலையில் விட்டுப் பார். வேலூரில் −40 எந்த மார்கழியிலும் வராது. பிறகு எதற்கு அந்த எண்?

இந்தத் துறையின் பாதிக் குழப்பம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சோதனை அறைக்குள் ஒரு பொருளை அனுப்பும்போது நாம் மூன்று வேறு கேள்விகளில் ஏதோ ஒன்றைக் கேட்கிறோம். இந்தச் சூழலில் இது வேலை செய்யுமா? இது எத்தனை ஆண்டு உழைக்கும்? இது எங்கே முதலில் உடையும்? மூன்றுக்கும் அறை ஒன்றாக இருக்கலாம், சோதனை ஒன்றல்ல. −40 டிகிரிச் சுற்று மூன்றாவது கேள்விக்கு நெருக்கமானது. ஒட்டுக்களையும் சீல்களையும் இழுத்துச் சுருக்கிப் பலவீனத்தை வெளியே கொண்டுவருவதற்கான வதை அது. எந்த ஊரின் வானிலையையும் அது பார்த்து எழுதவில்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளும் கரைந்து ‘தேறியது’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகின்றன. வாங்குபவர் அதை ‘பல வருஷம் தாங்கும்’ என்று படித்துக்கொள்கிறார்.

கூரைக்குள் குளிர்

முதல் கேள்விக்காகத்தான் பெரிய அறைகள் பிறந்தன, பெற்றெடுத்தது இராணுவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவு, குளிரில் விமானங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அலாஸ்காவின் லாட் ஃபீல்டு தளத்தில் சோதித்துவந்தது. அங்கே குளிர் ஆள் சொன்னபடி வராது. ஆட்களும் கருவிகளும் போய்க் காத்திருக்கும்போது வெப்பநிலை இறங்காது. இறங்கிய அன்று விமானம் தயாராக இருக்காது. ஒரு குளிர்காலத்து முடிவை அடுத்த குளிர்காலத்து முடிவோடு ஒப்பிடவும் வழியில்லை. ஆஷ்லி மெக்கின்லி என்ற அதிகாரி, குளிரைத் தேடிப் போவதை விட்டுவிட்டு ஒரு கூரைக்குள் அதை உண்டாக்கிக்கொள்வோம் என்று வாதாடினார். 1929இல் ரிச்சர்ட் பேர்டு தென் துருவத்தின் மேல் பறந்தபோது கூடவே இருந்து வான்படம் எடுத்தவர் அவர். குளிரைப் பற்றி அவரிடம் யாரும் வகுப்பெடுக்க முடியாது. 1947 மே மாதம் ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் முதல் சோதனைகள் தொடங்கின. வெயிலுக்குப் பேர்போன மாநிலத்தில் உறைகுளிர்க் கூடம்! பிற்பாடு அதற்கு மெக்கின்லியின் பெயரையே வைத்தார்கள்.

அதன் முதன்மை அறை ஏறத்தாழ 77 மீட்டர் அகலம், 61 மீட்டர் ஆழம், 21 மீட்டர் உயரம். வெப்பநிலையை −54 டிகிரி முதல் 74 டிகிரி வரை கொண்டுபோகலாம். 2010 ஏப்ரலில் போயிங் 787 விமானத்தை முழுசாக உள்ளே நிறுத்தி 46 டிகிரி வெப்பத்திலும் −43 டிகிரிக் குளிரிலும் பார்த்தார்கள். 2014 மே மாதம் ஏர்பஸ் ஏ350 போனது. அதே ஆண்டின் பிற்பாதியில் எஃப்-35பி போர் விமானம் போய் ஏறக்குறைய ஆறு மாதம் உள்ளேயே கிடந்தது.

விமானத்தை நிறுத்தி வைத்துக் குளிர வைப்பது பெரிய காரியமில்லை. அதன் எஞ்சினை உள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்; சங்கடம் அங்கே தொடங்குகிறது. ஜெட் எஞ்சின் காற்றை விழுங்கித் தள்ளும் வேகத்துக்கு, அரும்பாடுபட்டுக் குளிர வைத்த காற்றெல்லாம் சற்று நேரத்தில் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஃபுளோரிடாவின் ஈரக்காற்று உள்ளே புகுந்தால் சோதனை அதோடு போயிற்று. ஆகவே ஈடுகட்டும் காற்றைத் தனியே குளிர்வித்து உள்ளே தள்ளுவதற்கென்றே ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. பெரிய அறையைக் கட்டும் எவருக்கும் முதல் தலைவலி இதுதான்: உள்ளே இருக்கும் பொருள் சும்மா இருக்காது. அது வெப்பம் கக்கும், காற்றை இழுக்கும், ஈரம் விடும்.

இராணுவத்தின் வழியாகவே விதிப்புத்தகங்களும் வந்தன. 1945 டிசம்பர் 7ஆம் தேதியிட்ட விமானப் படை விவரக்குறிப்பு 41065தான் கருவிகளைச் செயற்கைச் சூழலில் சோதிக்க முறை வகுத்த முதல் ஆவணம் என்பார்கள். 1962இல் அதன் வாரிசாக மில்-எஸ்டிடி-810 வந்தது. இன்று எட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசியின் அட்டைப்பெட்டியில்கூட அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். அந்த ஆவணமோ, பொருள் எங்கே எப்படிப் பயன்படப் போகிறது என்று முதலில் ஆராய்ந்து, அதற்கேற்பச் சோதனையை வெட்டித் தைத்துக்கொள்ளச் சொல்கிறது. எந்த முறைகளைச் செய்தார்கள், எந்த அளவில் செய்தார்கள் என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போட்டுக்கொள்வதற்கு மதிப்பு ஒன்றும் இல்லை.

ஏன் இவ்வளவு பெரிது?

பேருந்தின் ஒவ்வொரு உறுப்பையும் சின்ன அறையில் தனித்தனியே சோதித்துவிட்டால் போதாதா? சிக்கனக்காரர் கேட்கும் நியாயமான கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மீட்டர் நீளப் பேருந்தில் எஃகுச் சட்டகத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்தியிருப்பதாகக் கொள்வோம். −40இலிருந்து 60 டிகிரிக்குப் போனால் எஃகு சுமார் 14 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் சுமார் 28 மில்லிமீட்டர் நீளும். இரண்டுக்கும் இடையே 13 மில்லிமீட்டருக்கும் மேல் இழுபறி. அதே இணைப்பைப் பத்து சென்டிமீட்டர்த் துண்டாக வெட்டி மேசைச் சேம்பரில் வைத்தால் வித்தியாசம் 0.11 மில்லிமீட்டர், எந்தப் பசையும் சிரித்துக்கொண்டே தாங்கும். பொருளைச் சின்னதாக்கும்போது சில பழுதுகள் காணாமலே போய்விடுகின்றன.

உறுப்புகள் கூடுமிடத்தில்தான் பெரும்பாலான பழுதுகள் குடியிருக்கின்றன. கதவு நன்றாக இருக்கும், சட்டகம் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குளிரில் இறுகிக் கதவு திறக்காது. ஏ.சி. எந்திரம் தனியே தேறியிருக்கும். அதில் வடியும் நீர் ஒயர் கட்டின்மேல் வழிந்து கனெக்டருக்குள் இறங்கும். இதை எந்த உறுப்பின் சான்றிதழும் சொல்லாது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் ரயில்களுக்கென்றே உள்ள காலநிலைக் காற்றுச் சுரங்கத்தில் நூறு மீட்டர் நீளக் கூடத்துக்குள் ரயில் பெட்டிகளை அப்படியே நிறுத்தி, −45 முதல் 60 டிகிரி வரை, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகக் காற்றில் சோதிக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் காற்றாலை உறுப்புகளுக்கு ஓர் அறை இருக்கிறது. கனத்த கியர்பெட்டியையும் மின்மாற்றியையும் கப்பலிலிருந்து இறக்கி நேரே உள்ளே கொண்டுபோகலாம் என்பதற்காகத்தான் துறைமுகத்தில் கட்டினார்கள்.

விண்வெளிக்குப் போகும் பொருளுக்கு வாய்ப்பு ஒருமுறைதான். ஹூஸ்டனில் நாசாவின் ‘சேம்பர் ஏ’ அப்போலோ காலத்தில் கட்டியது. அதன் கதவு மட்டுமே பன்னிரண்டு மீட்டர் விட்டம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2017இல் ஏறத்தாழ நூறு நாள் அதற்குள் வைத்து, திரவ நைட்ரஜனும் குளிர் ஹீலியமும் ஓடும் உறைகளால் மூடி, −220 டிகிரிக்கும் கீழே இறக்கிச் சோதித்தார்கள். பாதியில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. வெளியே வெள்ளம், உள்ளே உறைகுளிர். ஆட்கள் ஆய்வகத்திலேயே படுத்து எழுந்து சோதனையை நிறுத்தாமல் நடத்தினார்கள். பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போன பிறகு ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்ப முடியாது என்கிற பயம், அந்த நூறு நாள் செலவைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள வைத்தது.

அறைக்குள்ளே

அறையின் உடற்கூறு பெரிய இரகசியமில்லை. உள்ளே துருப்பிடிக்காத எஃகு, வெளியே தகடு, நடுவே கனத்த காப்புப் பலகை; விசிறிகள், ஹீட்டர், ஈரப்பதம் தரும் நீராவி. குளிருக்கு இரண்டடுக்குக் குளிர்பதனம்: முதல் கம்ப்ரஸர் சுற்று இரண்டாம் சுற்றின் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளும். −40க்குக் கீழே சாதாரண ஒற்றைச் சுற்று மூச்சுவாங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டாம் சுற்றில் நெடுங்காலம் ஓடிய ஆர்-23 வாயு, புவி வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போலப் பன்னிரண்டாயிரம் மடங்குக்கும் மேல். இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்ட கிகாலி ஒப்பந்தத்தின் கண் இப்படிப்பட்ட வாயுக்கள்மேல் இருக்கிறது. மாற்று வாயுக்கள் வரத் தொடங்கிவிட்டன. ஏற்கெனவே ஓடும் சேம்பர்களை அவற்றுக்கு மாற்றுவது அத்தனை எளிதில்லை.

செலவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. பன்னிரண்டு டன் எஃகுக்குச் சமமான பேருந்தை 25 டிகிரியிலிருந்து −40க்கு இறக்க, அதிலிருந்து எடுத்து வெளியே தள்ள வேண்டிய வெப்பம் மட்டும் 108 யூனிட். சுவர், தரை, காற்று, கதவுக் கசிவு, விசிறிகள் கக்கும் சூடு எல்லாம் இதற்கு மேல். ஒரே இரவில் முடிக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற கம்ப்ரஸர் வேண்டும். பெரிய சேம்பர்களின் மின் கட்டணத்தைப் பார்த்த மேலாளர்கள் சுற்றின் நீளத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். குறைத்தால் கெடுவது சோதனை.

காரணம், காற்றின் வெப்பநிலை வேறு, பொருளின் வெப்பநிலை வேறு. திரையில் −40 என்று பச்சை எழுத்தில் வந்துவிடும். கனத்த பேட்டரியின் நடு செல் இன்னும் −10இல் இருக்கும். அடுப்பு பற்றியதுமே தோசைக்கல் காய்ந்துவிட்டதென்று மாவை ஊற்றுகிற அவசரம்தான் அங்கே நேரத்தை எண்ணத் தொடங்குவதும். நல்ல ஆய்வகம் பொருளின் வயிற்றுக்குள் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் செருகி, அது சொன்ன பிறகே கடிகாரத்தை ஓடவிடும். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய வரைபடம் அது. அறைக்காற்றின் கோடு மட்டும் இருந்து பொருளின் கோடு இல்லையென்றால், எதைச் சோதித்தார்கள் என்பதே சந்தேகம்.

ஈரத்துக்கும் தனிக் குணம் உண்டு. −40இல் கிடந்த பொருள்மேல் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று படும். கண் இமைக்கும் நேரத்தில் வெண்பனி படியும், பிறகு உருகும், உருகிய நீர் கனெக்டரின் பின்களுக்கிடையே போய் நிற்கும். அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டுப் பலகை எரிந்துபோனால், அது குளிரில் தோற்றது என்று எழுதுவதா, கதவைத் திறந்தவர் கெடுத்தது என்று எழுதுவதா? நீராவிக்கு ஊற்றும் நீரும் உப்பு நீக்கிய நீராக இருக்க வேண்டும். நம் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் பொருளைவிட முதலில் அறையே பழுதாகும்.

ஆயிரம் மணி நேரம் எத்தனை ஆண்டு?

இரண்டாவது கேள்வியில்தான் கணக்கு வித்தைகள் அதிகம். இருபது ஆண்டு காத்திருக்க முடியாது. ஆகவே வெப்பத்தைக் கூட்டி வேதிவினையை விரைவாக்குகிறோம். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அரேனியஸ் 1889இல் தந்த சமன்பாடுதான் ஆதாரம். 35 டிகிரியில் இயங்கும் பொருளை 85 டிகிரியில் ஆயிரம் மணி நேரம் வைத்தால் அது எத்தனை ஆண்டுக்குச் சமம்? பழுதுக்குக் காரணமான வினையின் ‘கிளர்வு ஆற்றல்’ 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 0.7 என்றால் நாலரை ஆண்டு. 0.9 என்றால் பதின்மூன்று ஆண்டு. அறை அதே, பொருள் அதே, மின் கட்டணமும் அதே. சமன்பாட்டில் போடும் ஒரு எண்ணை மாற்றினால் பொருளின் ஆயுள் எட்டு மடங்கு வேறுபடுகிறது. அந்த எண்ணை அளந்து கண்டார்களா, பழைய புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டார்களா என்று அறிக்கையில் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொரு பொறி உண்டு: வெப்பத்தைக் கூட்டினால் எல்லாப் பழுதும் விரைவாகும் என்ற நினைப்பு. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகள் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போனதற்காக மைக்ரோசாஃப்ட் 2007இல் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. கருவி சூடாகி, அணைத்ததும் ஆறி, மறுபடி சூடாகிச் சிப்புக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் முறிந்ததுதான் காரணம். இப்படிப்பட்ட பழுதை நிலையான வெப்பத்தில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் பார்க்க முடியாது. ஏறி இறங்கும் சுற்றுதான் அதைக் காட்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் குளிர்சாதனப் பெட்டிக் கதை இன்னும் கசப்பானது. 1980களில் புதுவகைச் சுழல் கம்ப்ரஸரைக் கொண்டுவருமுன் ஏறத்தாழ 600 கம்ப்ரஸர்களைக் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆயுள் சோதனை செய்தார்கள். ஒன்றுகூடப் பழுதாகி நிற்கவில்லை. மேலிடத்துக்குப் போன செய்தி அவ்வளவுதான்: பழுது பூஜ்யம். பிரித்துப் பார்த்த தொழில்நுட்பர்களோ செம்புச் சுருள் நிறம் மாறியிருந்ததையும், தேய்மானத்தையும், எண்ணெய் கெட்டுக்கொண்டிருந்ததையும் கண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு மேலே ஏறவில்லை. விற்ற ஓரிரு ஆண்டிலேயே கம்ப்ரஸர்கள் நிற்கத் தொடங்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை மாற்றிக் கொடுத்து, 1988இல் 45 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். அந்தச் சோதனையை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அறை வேண்டியதைச் சொல்லிவிட்டது, கம்ப்ரஸரின் வயிற்றில் எழுதியே வைத்திருந்தது. ‘தேறியது’ என்ற சொல்தான் அதை மறைத்தது.

டகாட்டா நிறுவனம் செய்த கார் காற்றுப்பைகளின் கதையில் வானிலையே சாட்சி சொன்னது. பையை உப்ப வைக்கும், ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு ஈரக்காற்றிலும் அன்றாட வெப்ப ஏற்ற இறக்கத்திலும் கிடந்து உருக்குலைந்து, விபத்து நேரத்தில் வேண்டியதைவிட வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே சிதறடித்தது. அதனால்தான் அமெரிக்கா திரும்பப் பெறும் பணியை மண்டலம் பிரித்து, ஃபுளோரிடா போன்ற சூடும் ஈரமும் மிகுந்த மாநிலங்களிலிருந்து தொடங்கியது. பகல் சூடு, இரவு ஈரம், மறுநாள் மீண்டும் சூடு என்று பல ஆண்டு நடந்ததைச் சில வார அறைச் சோதனையில் அடைப்பது கடினம். அந்த நிறுவனமோ சோதனை முடிவுகளையே திருத்தி வாகன நிறுவனங்களுக்குக் கொடுத்ததை 2017இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு எந்தச் சேம்பரும் மருந்தில்லை.

சூரிய மின்பலகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் சேம்பருக்குள் போகும் பெரும்பொருள்களில் அதுவும் ஒன்று. ஐஈசி 61215 என்ற தரம் கேட்பவை: 85 டிகிரியும் 85 விழுக்காடு ஈரமும் சேர்ந்து ஆயிரம் மணி நேரம், −40க்கும் 85க்கும் இடையே 200 சுற்று, ஈரத்திலிருந்து உறைநிலைக்குப் பத்துச் சுற்று. 1975 முதல் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் மின்பலகைகளைத் தொகுதி தொகுதியாக வாங்கிச் சோதித்துக் கற்ற பாடங்களில் இதன் வேர் இருக்கிறது. பல மட்டமான பலகைகளைச் சந்தையிலிருந்து துரத்தியதும் இந்தத் தரம்தான். அப்படியிருந்தும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்புறம் பாலிஅமைடு தாள் ஒட்டிய பலகைகள் எல்லாச் சோதனையிலும் தேறி, களத்துக்குப் போன சில ஆண்டுகளில் முதுகு வெடித்தன. செல்களுக்கு நடுவே நீளவாக்கில் விரிசல், அதன்வழி ஈரம், பிறகு மின்கசிவு.

அறையில் ஏன் தெரியவில்லை? ஈரத்துக்கு ஒரு பலகையும் சுற்றுக்கு வேறொரு பலகையும் வெளிச்சத்துக்கு மற்றொன்றும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கூரைமேல் வெயில், மழை, காற்று மூன்றும் ஒரே பலகையின்மேல்தான் விழுகின்றன. புற ஊதா ஒளி அந்தத் தாளை மொறுமொறுப்பாக்குகிறது. இரவுக் குளிர் அதை இழுக்கிறது. இழுத்த இடத்தில் அது கிழிகிறது. தனித்தனியே ஒன்றும் செய்யாத மூன்று ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை இது. பிற்பாடு அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஒளி, வெப்பம், ஈரம், தெளிக்கும் நீர், அழுத்தும் பாரம் எல்லாவற்றையும் ஒரே அறையில் சேர்த்துக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த அறைக்குள் அதே விரிசல் வந்தது.

உப்பும் மண்டபமும்

அறை மறுபக்கமும் பொய் சொல்லும். உப்புத்தூவல் சோதனை 1939 முதல் அமெரிக்கத் தரப் புத்தகத்தில் இருக்கிறது. 35 டிகிரியில் ஐந்து விழுக்காடு உப்புநீரை மூடுபனியாகத் தூவிக்கொண்டே இருப்பார்கள். நிஜத்தில் துத்தநாகம் பூசிய இரும்பு நனைந்து, காய்ந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து தன்மேல் ஒரு காப்புப் படலத்தை வளர்த்துக்கொள்ளும். ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கும் அறையில் அந்தப் படலத்துக்கு நேரமே கிடைக்காது. ஆகவே வெளியே பல ஆண்டு உழைக்கும் பூச்சு அறைக்குள் சில நூறு மணி நேரத்தில் தோற்கிறது. அறையில் நின்றுபிடித்த சில பெயின்ட்டுகள் வெளியே உரிகின்றன. இத்தனை மணி நேரம் இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்தத் தரமே எச்சரிக்கிறது. டெண்டர் எழுதுபவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் திறந்தவெளி அரிப்பு ஆய்வு நிலையம் நடத்துகிறது. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டிக் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்து, எடையிழப்பை அளந்து பார்க்கும் எளிய முறை. பாக் நீரிணையின் உப்பும் வெயிலும் சேர்ந்த அந்த இடம் இரும்புக்கு நாட்டிலேயே கொடிய இடங்களில் ஒன்று. அறை வந்த பிறகும் இந்தச் சட்டங்களுக்கு வேலை குறையவில்லை. அறை விரைவாகச் சொல்வதைச் சரிபார்க்க, மெதுவாக உண்மையைச் சொல்லும் இடம் ஒன்று வேண்டும். சேம்பருக்குக் கோடிகளில் செலவழிக்கும் நிறுவனங்கள் இப்படிச் சில சட்டங்களை மாட்டிவைக்கத் தயங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

உடையட்டும் என்று அனுப்புவது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 1980களில் கிரெக் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ‘ஹால்ட்’ என்ற முறையைப் பரப்பினார். இதில் தேறுவது என்ற பேச்சே இல்லை. திரவ நைட்ரஜனால் நிமிடத்துக்குப் பல பத்து டிகிரி வேகத்தில் குளிர வைத்து, அதே வேகத்தில் சூடாக்கி, கீழே காற்றுச் சுத்தியல்களால் தட்டிக்கொண்டே, பொருள் உடையும்வரை படிப்படியாகக் கூட்டிப் போவார்கள். உடைந்த இடத்தைப் பலப்படுத்தி மறுபடி உள்ளே அனுப்புவார்கள். இதிலிருந்து ஆயுள் எத்தனை ஆண்டு என்று கணக்கிட முடியாது. முறையைக் கேலி செய்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வடிவமைப்பாளருக்கு ஒரே வாரத்தில் பலவீனங்களின் பட்டியல் கிடைக்கும். என் கட்சி இந்தப் பக்கம்தான்.

பெரிய அறைகளைப் பற்றி யாரும் உரக்கச் சொல்லாத கணக்கு ஒன்றும் இங்கே வருகிறது. 22 பொருள்களைச் சோதித்து ஒன்றும் பழுதாகவில்லையென்றால், நூற்றுக்குத் தொண்ணூறாவது அந்தச் சோதனையைத் தாங்கும் என்று 90 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். மூன்றே பொருள் என்றால் அதே உறுதியோடு சொல்லக்கூடியது நூற்றுக்கு 46. ஒன்றே ஒன்று என்றால் நூற்றுக்குப் பத்து! கூடத்துக்குள் போவதோ ஒரு விமானம், ஒரு பேருந்து, ஒரு ரயில். அது தேறியது என்ற செய்திக்குப் புள்ளியியலில் மதிப்பு மிகக் குறைவு. ஒற்றைப் பொருளைக் கோடி ரூபாய் செலவில் உள்ளே அனுப்புவதற்கு நியாயம் ஒன்றுதான்: அங்கே கண்டுபிடித்த ஒவ்வொரு சிறு கோளாறும். இறுகிய கதவு, தாமதமாக விழித்த திரை, எதிர்பாராத இடத்தில் சொட்டிய நீர் ஆகியவற்றை எழுதிவைத்த குறிப்பேடுதான் சரக்கு. சான்றிதழ் அதன் மேலுறை.

நம் நாட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்தின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம், புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், சென்னையில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையம், பெங்களூரில் இஸ்ரோவின் வெப்ப-வெற்றிட அறைகள் என்று வரிசை நீளம். பாதுகாப்புத் துறைக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்ற சொந்த விதிப்புத்தகமே உண்டு. சியாச்சின் பனியும் ராஜஸ்தான் புழுதியும் தெரிந்தவர்கள் எழுதியது. பொதுமக்கள் வாங்கும் பொருள்களுக்கான சோதனைகளிலோ பெரும்பாலும் ஐரோப்பா வகுத்த எண்களே ஓடுகின்றன. எண்களைக் கடன் வாங்கியதில் தப்பில்லை. வதைக்கும் சோதனைக்கு ஊர் பேதம் கிடையாது. நம் வானிலைக்கான சோதனையை மட்டும் நாம்தான் எழுதியாக வேண்டும். இன்னொன்று, நம் அறிக்கைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. தேறியவர் பட்டியல் கிடைக்கும். என்ன உடைந்து எதை மாற்றிய பிறகு தேறினார்கள் என்பது நிறுவனத்தின் அலமாரியில் தங்கிவிடும். அதனால் ஒரு நிறுவனம் பட்ட அடியையே அடுத்த நிறுவனமும் படுகிறது.

சென்னையில் 2025 முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. அப்படி ஒரு பேருந்துக்கு அறைச் சோதனை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன். நிழலில் 42 டிகிரி, மேலே செயற்கை வெயில், கூரை 65க்குப் போகட்டும். பேட்டரி பாதி தீர்ந்த நிலையில் வந்து நின்றதும் வேகச் சார்ஜ் போடுங்கள், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கட்டும். சார்ஜ் முடியுமுன் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், அரை மணி நேரம், சக்கரத்தின் பாதி நனையும் அளவுக்கு. பிறகு 28 டிகிரியிலும் 95 விழுக்காடு ஈரத்திலும் இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் கனெக்டர்களைக் கழற்றிப் படமெடுத்துவிட்டு மறுபடி மாட்டி, மீண்டும் வெயில். சித்திரை முதல் ஐப்பசி வரை ஒரு டிப்போ பார்ப்பதைவிட இதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. அறுபது சுற்று முடிந்ததும் பேட்டரிப் பெட்டியின் மூடியை, வாங்கும் கழகத்தின் மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். அவர் என்ன பார்த்தார் என்பதை அவர் கையாலேயே அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.